கரிப்பூதமும் பச்சைத் துண்டும்

மெர்லின் குடியிருந்த பிளாக்கில் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கிரிக்கெட் விளையாடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், ‘பாவம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது போல’ என்று நினைப்பார்கள்.

விஷயம் இதுதான். நெய்வேலியில் பாதி வீட்டு அப்பாக்களுக்கு ஷிஃப்ட் வேலை. இரவெல்லாம் சுரங்கத்தில் விழித்திருந்துவிட்டு, ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பார்கள். அப்படி யாராவது தூங்கினால், அந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டில் ஒரு துண்டு கட்டியிருக்கும். இந்தப் பிளாக்கில் எப்போதோ யாரோ ஆரம்பித்து வைத்த வழக்கம். துண்டைக் கண்டால் கீரைக்கார அம்மா கூவுவதைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வீதியில் போய்க் கூவுவார். பிள்ளைகள் ஊமை கிரிக்கெட்டுக்கு மாறிவிடுவார்கள்.

ஊமை கிரிக்கெட்டில் அவுட் கேட்க, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டும். குதிக்கும்போது செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. சண்டை போடலாம், ஆனால் சைகையில்தான். யாராவது கத்தினால் ஒரு ரன் கழிவு. தும்மினால் மன்னிப்பு உண்டு. ஆனால் அடிக்கடி தும்முகிறவனை எல்லாரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அந்தப் பிளாக்குக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அதுதான் மெர்லினின் படக்கதை.

ஆறாம் வகுப்பு படிக்கும் மெர்லின், பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு படமாக வரைவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும், வீட்டு முன்னால் துணி காயப்போடும் கொடியில் வரிசையாக கிளிப் போட்டு மாட்டுவாள். பிள்ளைகள் ஒரு முனையில் ஆரம்பித்து நடந்துகொண்டே படிப்பார்கள். கொடி முடிந்தால் கதை முடிந்தது. அதற்காகவே அவள் அம்மா செசிலியா ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிடுவார்.

கதையின் வீரன் பெயர் கரண்ட் குமரன். இருட்டிக் கிடக்கும் ஊருக்குப் போய்க் கம்பத்தைத் தொட்டால் போதும், தெரு முழுவதும் விளக்கு எரியும். முதுகில் பச்சைத் துண்டு பறக்கும். அது மெர்லினின் அப்பா பாக்கியசாமியின் துண்டைப் பார்த்து வரைந்தது. முகம் மட்டும் எட்டாம் வகுப்புக் கார்முகிலுடையது. கார்முகில் பிளாக் அணியின் கேப்டன். புயலடித்து ஊரெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில், வீடு வீடாகத் தண்ணீர்க் குடம் சுமந்து கொடுத்தவன். அவனை வீரனாக வரையாமல் வேறு யாரை வரைவது?

வீரன் இருந்தால் வில்லனும் வேண்டுமே. அதற்குக் கலியன் கிடைத்தான்.

கலியன் வளையமாதேவி கிராமப் பக்கத்துப் பையன். மெர்லின் வகுப்புதான். தாத்தாவின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். மெர்லினின் பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு அவனுடைய தாய்மாமா. அவர் வீட்டில் தங்கிப் படிக்க வந்த முதல் நாள், மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சுரங்கச் சாலைப் புழுதியையெல்லாம் தலையிலும் புருவத்திலும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். ஆள் வேறு வயதுக்கு மீறிய உயரம். யாரோடும் பேசாமல் முறைத்தான். உண்மையில் கண்ணில் தூசி விழுந்திருந்தது. அது யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொடியில் கரிப்பூதம் தோன்றிவிட்டது. சுரங்கத்திலிருந்து எழுந்து வந்து, கரண்ட் கம்பிகளை முறுக்கு மாதிரி கடித்துத் தின்னும் பூதம். வாயிலிருந்து இரண்டு பெரிய பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அது யார் முகம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கலியனுக்கும் தெரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொடிக்கு வந்து, கடைசி ஆளாக நின்று படித்துவிட்டுப் போவான்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து பிளாக் அணியோடு இறுதி ஆட்டம் இருந்தது. அன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா படுத்துவிட்டார். கேட்டில் பச்சைத் துண்டைக் கட்டிவிட்டு, மெர்லினும் அம்மாவும் மெயின் பஜாருக்குப் போனார்கள்.

திரும்பி வரும்போது தெரு முனையிலேயே கூச்சல் காதைப் பிளந்தது. பக்கத்து பிளாக் பையன்கள் விசிலடித்தார்கள். சொந்த பிளாக் பையன்கள் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். கேட்டில் துண்டு இல்லை. துண்டு இல்லையென்றால் நைட் ஷிஃப்ட் இல்லை என்றுதான் அங்கே அர்த்தம். பாக்கியசாமி மாமாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

கேட் ஓரத்தில் கலியன் நின்றான். அவன் கையில் ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பச்சைத் துண்டு.

மெர்லின் எதுவும் கேட்கவில்லை. துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிள்ளைகளின் பெரிய ஆட்டமாயிற்றே, இன்று ஒருநாள் போகட்டும் என்று தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாராம். இருந்தாலும் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. அன்று இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், தூக்கக் கலக்கத்தில் சாலை நடுத்திட்டில் வண்டியை ஏற்றி விழுந்துவிட்டார். நல்லவேளை, வலது கை மட்டும் பிசகியது. அன்று இரவே கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்த அப்பா சோற்றைப் பிசைய முடியாமல் திணறியதைப் பார்த்தபோது மெர்லினுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் கொடியில் மாட்டிய கதை இதுதான்: கரிப்பூதம் ஒரு வீட்டுக் கேட்டில் கட்டிய துண்டைத் திருடுகிறது. தூங்கிக்கொண்டிருந்த நல்ல மனிதரைக் கீழே தள்ளி விடுகிறது. பூதத்தின் பல்லை மெர்லின் முன்பைவிட நீளமாக வரைந்திருந்தாள்.

பிள்ளைகள் படித்தார்கள். படித்துவிட்டுத் திரும்பிக் கலியனைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து யாரும் அவனை விளையாடக் கூப்பிடவில்லை. பேச்சு பெரியவர்கள் காதுக்கும் போயிற்று. சிங்காரவேலு தலை குனிந்தபடி வந்து பாக்கியசாமியிடம் வருத்தம் தெரிவித்தார். பையனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகவும், அடுத்த திங்கட்கிழமை அவன் அம்மா செங்கமலம் வந்து கூட்டிப் போவாள் என்றும் சொன்னார். சின்னப் பையன், விடுங்கள் என்று பாக்கியசாமி சொல்லிப் பார்த்தார். சிங்காரவேலு கேட்கவில்லை.

மறு சனிக்கிழமை மத்தியானம். மெர்லின் அடுத்த கதைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இசைப்பிரியா படுத்துக்கொண்டு கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இசைப்பிரியா கார்முகிலின் தங்கை. ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் பேசும்போது காற்று முதலில் வரும், பேச்சு பிறகுதான் வரும்.

போன வாரத்துப் படங்களைப் புரட்டியவள், துண்டு திருடும் படத்தில் விரலை வைத்தாள்.

“அக்கா, இத தப்பா வரைஞ்சிட்டீங்க. துண்ட அவுத்தது பூதம் இல்ல. கரண்ட் குமரன்.”

மெர்லின் சிரித்தாள். குமரன் எதற்கு அவிழ்க்கப் போகிறான் என்று கேட்டாள்.

“நான் பாத்தேன். குமரன்தான் அவுத்து கனகாம்பரச் செடிக்குள்ள போட்டாரு. அப்புறம் நாய் வந்து இழுத்துட்டுப் போய் சாக்கடைல போட்டுச்சு. பூதம்தான் எறங்கி எடுத்து, கொழாய்ல கழுவுச்சு.”

மெர்லினின் பென்சில் நின்றது. கரண்ட் குமரன் என்றால் யார் என்று மெதுவாகக் கேட்டாள்.

“எங்க அண்ணன்தான்,” என்றாள் இசைப்பிரியா, பெருமையாக.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என்னை யாரும் கேட்கவில்லையே என்றாள். அதுவும் உண்மைதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் யார் என்பது மெர்லினுக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கலியன் மாமா வீட்டுப் பின்புறம் பலா மரத்தடியில் உட்கார்ந்து, ஊருக்குக் கொண்டு போகும் பையின் அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். மெர்லினைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஓடுவதா நிற்பதா என்று அவனுக்கே தெரியவில்லை.

துண்டை எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியுமா என்று மெர்லின் கேட்டாள். தெரியும் என்று அவன் தலையை ஆட்டினான்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் துண்ட எடுத்துகினு வந்தேன். நீ புடுங்கிகினு உள்ள போயிட்ட. ஞாயித்துக்கெழம பாத்தா, கொடியில நான் தொங்கிகினு இருக்கேன்.” கலியன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். “அதுக்கப்புறம் யாரு நம்புவாங்க? நாந்தான் பூதமாச்சே.”

மெர்லினுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலா மரத்தைப் பார்த்து, மன்னித்துக்கொள் என்றாள். பிறகு, அது சரியில்லை என்று தோன்றியதால், அவனைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். இப்போதே போய் எல்லாரிடமும் கார்முகில் அண்ணன்தான் செய்தது என்று சொல்லிவிடுகிறேன் என்றாள்.

கலியன் யோசித்தான். “அந்தப் பாப்பா இருக்குதே, பல்லு இல்லாதது. அதுங்க எல்லாம் குமரன் குமரன்னு ஆசையா நிக்குதுங்க. அதுங்க முன்னாடி போட்டு ஒடைக்காத. பாவமா இருக்கும்.”

தன்னை ஊருக்கு விரட்டிவிட்ட படக்கதைக்காகவே ஒருவன் கவலைப்படுகிறான். இப்படி ஒரு ஆளுக்கா இவ்வளவு நீளப் பல் வைத்தோம் என்று மெர்லின் நினைத்தாள். அவள் வரைந்த எந்த வீரனும் இவன் பக்கத்தில் நிற்க முடியாது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தவளுக்குக் கோபம் மறுபடியும் பொங்கியது. முதல் தாளில் கரண்ட் குமரனுக்குப் பல் முளைத்தது. கண்ணில் நெருப்பு எரிந்தது. அவன் தொட்ட கம்பத்தில் எல்லாம் விளக்கு அணைந்தது. நாளை காலை இதைக் கொடியில் மாட்டினால் கார்முகில் அண்ணன் தெருவில் தலை காட்ட முடியாது. நன்றாக வேண்டும்.

பிறகு அந்தப் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். போன வாரம் கலியனுக்குச் செய்ததும் இதேதானே? அவனையும் கேட்காமல்தானே கொடியில் தொங்கவிட்டாள்? தண்ணீர்க் குடம் சுமந்த கார்முகில் அண்ணனும் பொய்யில்லை. துண்டை அவிழ்த்த கார்முகில் அண்ணனும் பொய்யில்லை. அந்தப் படத்தை நாலாக மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்தாள்.

சாயங்காலம் கார்முகில் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு வெறும் காலண்டர் தாளை அவனிடம் நீட்டினாள்.

“அண்ணா, நாளைக்குக் கதையில கடைசிப் படம் மட்டும் எனக்கு வரல. துண்டை எடுத்தது யாருன்னு அதுல வரணும். நீங்க வரைஞ்சு குடுங்க.”

கார்முகில் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. தனக்கு வரையத் தெரியாது என்றான். எனக்கு எதற்குக் கொடுக்கிறாய் என்றான். யார் சொன்னார்கள் என்றான். கடைசியில் தாளை வாங்காமலே உள்ளே போய்விட்டான். மெர்லின் தாளை வாசல் திண்டின் மேல் வைத்து, பறக்காமலிருக்க அவன் கிரிக்கெட் பந்தை அதன் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசையில் மெர்லின் மனம் நிற்கவில்லை. வந்ததும் கொடியில் தாள்களை மாட்டினாள். இந்த முறை கதை வேறு. முதல் தாளில் பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் கையில் பென்சிலோடு தலை குனிந்து நின்றாள். ‘போன வாரக் கதையைத் தப்பாக வரைந்துவிட்டேன். கரிப்பூதம் துண்டைத் திருடவில்லை. நான் கேட்காமல் வரைந்தேன்’ என்று கீழே எழுதியிருந்தது. அடுத்த தாளில் நாய். அதற்கடுத்ததில் சாக்கடைக்குள் இறங்கும் பூதம். பிறகு குழாயடியில் முழங்கால் போட்டுத் துண்டைக் கசக்கித் துவைக்கும் பூதம். அதைத்தான் மெர்லின் ரொம்ப நேரம் எடுத்து வரைந்திருந்தாள். அப்படி ஒரு அழகான பூதத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

கொடியின் கடைசியில் ஒரு கிளிப் மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

பிள்ளைகள் படித்துக்கொண்டே நகர்ந்தார்கள். வெறும் கிளிப்பில் வந்து முட்டி நின்றார்கள். அப்படியானால் துண்டை எடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். தண்ணீர் பிடிக்க வந்த சிங்காரவேலுவும் குடத்தை வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தார். கலியன் வழக்கம்போலக் கடைசியில் நின்றான். இசைப்பிரியா பதில் சொல்லப் பல்லில்லாத வாயைத் திறந்தாள். மெர்லின் அவள் கையைப் பிடித்து, கொஞ்சம் பொறு என்றாள். இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கலியன் ஊருக்குப் போக ஒரே ஒரு இரவுதான் பாக்கி.

அப்போது தெரு முனையில் கார்முகில் வருவது தெரிந்தது. கையில் சுருட்டிய தாள். தூங்காத கண்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கொடிக்கு வந்து, தாளை விரித்து, கடைசிக் கிளிப்பில் தானே மாட்டினான்.

படம் படு மோசமாக இருந்தது. கரண்ட் குமரன் முருங்கைக்காய்க்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தான். ஆனால் விஷயம் தெளிவாக இருந்தது. குமரன் தன் முதுகிலிருந்த பச்சைத் துண்டை அவிழ்த்துக் கேட்டில் கட்டுகிறான். முதுகு வெறுமையாக இருக்கிறது. கீழே கோணல் எழுத்தில், ‘எடுத்தது நான். பூதம் என்னைவிட நல்லவன்’ என்று எழுதியிருந்தது.

“பக்கத்து பிளாக்ல நம்மள ஊமைப் பசங்கன்னு கிண்டல் பண்ணாங்க,” என்றான் கார்முகில், தரையைப் பார்த்தபடி. “ஒரு மேட்ச்தானேன்னு அவுத்துட்டேன். மாமா விழுந்ததும் பயமாயிடுச்சு. கலியன்மேல பழி வந்தப்ப வாயத் தொறக்கல. அதுதான் ரொம்பத் தப்பு.”

கட்டுப் போட்ட கையோடு பாக்கியசாமி வாசலுக்கு வந்திருந்தார். கார்முகில் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் அந்தக் கடைசிப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். நல்ல கையால் கார்முகிலின் தோளைத் தட்டினார். “தப்ப ஒத்துக்க ரொம்ப தைரியம் வேணும்டா,” என்றார். “இந்த மாதிரிப் படத்த மாட்ட அதவிட வேணும்.” பிள்ளைகள் சிரித்தார்கள். கார்முகிலுக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

சிங்காரவேலு கலியன் தலையில் கையை வைத்தார். பிறகு, இன்றைக்கே செங்கமலத்துக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

இனிமேல் கரிப்பூதம்தான் வீரனா என்று இசைப்பிரியா கேட்டாள். அப்படியானால் பல்லை எடுத்துவிடலாம் என்றாள் மெர்லின்.

கலியன் பதறிப்போனான். “பல்ல மட்டும் எடுத்துடாத. அதுதான் நல்லா இருக்குது.”

அப்பாவின் கை சரியானது. மறுபடியும் நைட் ஷிஃப்ட் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கேட்டில் துண்டு கட்ட மெர்லின் வெளியே வந்தபோது, கார்முகிலே வாங்கிக் கட்டினான். இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்தும் பார்த்தான்.

பக்கத்து பிளாக் பையன்கள் மறு ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். கார்முகில் துண்டைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தான். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கேட்டைப் பார்த்தார்கள், அவன் முகத்தைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

ஜெயிக்க நாலு ரன் வேண்டும். கடைசிப் பந்து. மட்டையோடு நின்றது கலியன். பந்து வந்தது. கலியன் மட்டையை வீசினான். பந்து பலா மரத்துக்கு மேலே பறந்து, சாலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

பிளாக் முழுவதும் கைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தது. கார்முகில் கலியனைத் தோளில் தூக்கினான். இசைப்பிரியா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள். தோற்ற பையன்கள்கூடக் காற்றில் கை தட்டினார்கள்.

உள்ளே பாக்கியசாமி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான்.